நிலமிருந்தும் கூலிக்குப் போகும் உழவர்கள்

(தோட்டக் கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில், கிளைக் கமிட்டியைச் சேர்ந்த தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சோளம் பயிரிட்டுப் பிழைக்கும் சிறு உழவர்களைப் பற்றியது. சோளம் என்று நாம் இங்கே சொல்வது ஊரில் மக்காச்சோளம் எனப்படுவது. மலாய்ச் சகோதரர்கள் ஜாகோங் என்பார்கள். பால்மரத் தோட்டத்துக் கூட்டத்தில் சோளத்துக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழாமலில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் தோட்டத்தில் ஓய்வு பெறப்போகும் தோழர்கள் 11 பேர் கமிட்டிக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேமநிதிப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பக்கத்துக் கம்பத்தில் 20 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இனிப்புச் சோளம் நடலாம் என்பது அந்த யோசனை. "இத்தனை வருஷம் துரைக்கும் மண்டோருக்கும் பதில் சொன்னது போதும், இனி நாமே நமக்கு முதலாளி" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது நமக்கு மனம் குளிர்ந்தது. இது இன்று நேற்று முளைத்த ஆசையன்று. 1950-களில் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், வேலையும் லயமும் ஒரே நாளில் போய்த் தொழிலாளர் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த வேதனையிலிருந்துதான் 1960-ஆம் ஆண்டில் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மண் நம்முடையதாக வேண்டும் என்ற ஏக்கம் நம் பாட்டன்மார் காலத்திலிருந்தே நம் வீடுகளில் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, சொந்த மண் கையில் இருந்தும், ஆண்டில் பல மாதங்கள் அடுத்தவன் காட்டில் கூலிக்கு நின்று பிழைக்கும் மக்கள் இவ்வுலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நிலம் வந்த பிறகும் எங்கே சறுக்குகிறது என்பதை அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அதற்காக ஆப்பிரிக்காவில் ஒரு சிறு நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பெயர் மலாவி. பெயரைக் கேட்டதும் மலாயா என்று சிலருக்குக் காதில் விழும். அது தனி நாடு. கடற்கரையே இல்லாமல், நீளமான ஒரு பெரிய ஏரியின் கரையில் கிடக்கும் நாடு. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நியாசாலாந்து என்று பெயர். 1964 ஜூலை 6-ஆம் நாள் விடுதலை அடைந்தது. நமக்கு அடுத்து 7 ஆண்டு கழித்து. அங்கேயும் பால்மரம் உண்டு என்றால் வியப்பாயிருக்கும். வடக்கே இன்காட்டா பே என்னும் மாவட்டத்தில் விசாரா என்றொரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஆனால் அந்நாட்டில் தோட்டம் என்றால் முதலில் தேயிலை, பிறகு புகையிலை, கரும்பு.

அந்தத் தேயிலைத் தோட்டங்கள் எப்படி வந்தன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெற்கே ஷிரே மேட்டுநிலம் என்று நல்ல மழையும் நல்ல மண்ணும் உள்ள பகுதி. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அதில் பெரும் பெரும் பரப்புகளைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். அதே மண்ணில் குடியிருந்த ஜனங்கள், தங்கள் குடிசைக்கும் கொல்லைக்கும் வாடகையாகத் தோட்டத்தில் உழைத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தங்காத்தா என்று அதற்குப் பெயர். அந்த உழைப்பை எந்த மாதத்தில் கேட்டார்கள் தெரியுமா? மழை மாதங்களில். அதாவது, அவனவன் தன் சோளத்துக்குக் களை பிடுங்க வேண்டிய அதே வாரங்களில். 1915 ஜனவரியில் ஜான் சிலெம்ப்வே என்ற பாதிரியார் தலைமையில் கலகம் எழுந்ததற்கு இந்தத் தங்காத்தாவும் ஒரு பெருங் காரணம். கலகத்தை அடக்கி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்று அவர் முகம் அந்நாட்டுப் பண நோட்டில் இருக்கிறது. தங்காத்தா சட்டப்படி ஒழிந்தது. ஆனால் மழை மாதத்தில் உழவன் தன் கொல்லையை விட்டு அடுத்தவன் காட்டுக்குப் போவது ஒழியவில்லை. அது ஏன் என்பதே இன்றைய பேச்சு.

மலாவியில் சோளம் என்பது நமக்குச் சோறு போல. சோள மாவைக் கொதிநீரில் கிண்டிக் களியாக்கி, இன்சிமா என்று உண்கிறார்கள். நம் பாட்டிமார் கிண்டிய கேழ்வரகுக் களியை நினைத்துக்கொள்ளுங்கள். நிறம் மட்டும் வெள்ளை. எத்தனை கறி தின்றாலும் இன்சிமா தின்னாதவன் அங்கே "சாப்பிட்டேன்" என்று சொல்லமாட்டான். ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 130 கிலோ சோளம் செலவாகிறது. சோளம் அந்த மண்ணுக்குச் சொந்தமானதன்று. போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு வந்த தானியம். இன்று அது இல்லாவிட்டால் அந்நாடு பட்டினி.

இப்போது கரும்பலகையைப் பாருங்கள். ஆபீசில் கணக்கெழுதும் நாங்கள் எதையும் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவோம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலாவியில் பெரும்பாலான உழவர் குடும்பங்களுக்கு நிலம் இரண்டரை ஏக்கருக்கும் குறைவு. தெற்கே நெருக்கடி அதிகம். ஓர் ஏக்கர் உள்ளவனே பலர். உரம் போடாத நிலத்தில், மழை சரியாகப் பெய்தால், ஓர் ஏக்கருக்கு 400 கிலோ சோளம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 5 பேர். ஆளுக்கு 130 கிலோ வீதம் 650 கிலோ வேண்டும். கையிலிருப்பது 400. அறுவடை ஏப்ரல், மே மாதத்தில். மே முதல் தேதியிலிருந்து எண்ணினால், டிசம்பர் பாதியில் குதிர் காலி. அடுத்த அறுவடைக்கு இன்னும் நாலரை மாதம் இருக்கிறது!

இது ஒரு மணியும் விற்காத குடும்பத்தின் கணக்கு. விற்காமல் முடியுமா? உப்பு, சோப்பு, மண்ணெண்ணெய், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, போன வருஷத்துக் கடன் எல்லாம் அறுவடையின்போதுதான் வாசலில் வந்து நிற்கின்றன. 2 மூட்டை, அதாவது 100 கிலோ, விற்றுவிட்டான் என்போம். மிச்சம் 300 கிலோ. அது அக்டோபர் பாதியோடு தீர்ந்துவிடும். மே மாதத்தில் எல்லாரும் விற்பதால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் எல்லாரும் வாங்குவதால் அதே சோளம் இரண்டு மடங்கு, கெட்ட வருஷத்தில் அதற்கும் மேல். மே மாதத்தில் 2 மூட்டைக்கு வாங்கிய பணம் ஜனவரியில் 1 மூட்டைக்குத்தான் போதும். தன் கையால் விளைந்த சோளத்தையே இரட்டை விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறான்.

வாங்கப் பணம் ஏது? அங்கேதான் கன்யூ வருகிறது. கன்யூ என்றால் துண்டு வேலை, காண்ட்ராக்ட் வேலை. வசதியுள்ளவன் நிலத்தில் இத்தனை வரி மண் அணைத்துக் கொடுத்தால் இத்தனை கிண்ணம் மாவு, அல்லது இவ்வளவு காசு. பேரம் பேச இடமில்லை. பிள்ளை வீட்டில் பசியோடு இருக்கும்போது எவன் பேரம் பேசுவான்? டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி: கன்யூ வேலை கிடைப்பது இம்மாதங்களில்தான், தன் சொந்தக் கொல்லையில் களை பிடுங்கி மண் அணைக்க வேண்டியதும் இம்மாதங்களில்தான்.

இதை நமக்கு நன்றாகப் புரியும்படி சொல்ல முடியும். விடியற்காலை குளிர்ச்சியில் வெட்டினால் மரம் பால் கொடுக்கும். அதே மரத்தை மத்தியானம் வெட்டினால் என்ன கிடைக்கும் என்பது இங்கே உள்ள தாய்மார்களுக்குக் கிராணிகளைவிட நன்றாய்த் தெரியும். சோளமும் அப்படியே. முளைத்த முதல் சில வாரங்களில் களை எடுத்தால் உண்டு. பிறகு எடுத்தால் களை தின்றது போக மிச்சம்தான். விடியற்காலையை அடுத்தவன் மரத்துக்கு விற்றுவிட்டு, வெயிலேறியபின் தன் மரத்துக்கு வருபவன் போல, அந்த உழவன் தன் பயிரின் நல்ல வாரங்களை விற்றுவிட்டு வருகிறான். அடுத்த ஏப்ரலில் 400 கிலோ விளைய வேண்டிய இடத்தில் 300 விளைகிறது. ஆகவே அடுத்த வருஷம் குதிர் இன்னும் முன்னதாகக் காலி. இன்னும் அதிகக் கன்யூ. இப்படியே சக்கரம் சுற்றுகிறது.

சோலோ, முலாஞ்சே என்னும் தேயிலைப் பகுதிகளில் கொடுமை இன்னும் அதிகம். சோலோவை இப்போது தியோலோ என்று எழுதுகிறார்கள். தேயிலைக் கொழுந்து மிகுதியாக வருவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போதுதான் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். தோட்டங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதால் சுற்றிலும் உள்ள கிராமங்களில் ஆளுக்குக் கையளவு நிலம். ஆகவே கொழுந்துக் கூடையைத் தூக்காமல் முடியாது. 1915-ஆம் ஆண்டு எந்த மாதங்களுக்காக ஜனங்கள் குமுறினார்களோ, அதே மாதங்களில் இன்றும் போகிறார்கள். அன்று சட்டம் பிடித்து இழுத்தது, இன்று வயிறு பிடித்து இழுக்கிறது.

கடன்காரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டப்பிலா என்று அங்கே ஒரு வட்டிக் கடன் உண்டு. மாதத்துக்கு வாங்கியதில் பாதி வட்டி, சில இடங்களில் வாங்கிய அளவே வட்டி. பற்றுக் கடையில் சிவப்பு மையில் பேர் எழுதிய காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நிற்க. இதிலே பெண்கள் நிலைமையைத் தனியாகச் சொல்லாவிட்டால் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். மலாவியின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் நிலம் தாய்வழியில் மகளுக்குப் போகிறது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியிருப்பான். கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது! ஆனால் நிலம் பெண் பெயரில் இருந்தாலும், உரத்துக்குக் கடன் கொடுப்பவனும் லோரியில் வந்து விலை பேசுபவனும் ஆண்களிடம்தான் பேசினார்கள். முன்னாளில் ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனார்கள். 1974-இல் சுரங்கத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து பலர் மாண்டபின் அந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அவர்கள் போன காலத்திலும் திரும்பிய காலத்திலும் மண்வெட்டி பிடித்தவள் பெண்தான். மண்வெட்டி என்று சொன்னது பேச்சுக்காக அன்று. மாடோ டிராக்டரோ இல்லை. முழு நிலத்தையும் கை மண்வெட்டியால் வரி வரியாகப் பார் பிடித்தே நடுகிறார்கள்.

விதை விஷயத்திலும் பெண்கள் சொன்னதே பலித்தது. சர்க்கார் கலப்பின விதையைக் கொடுத்து, அதிகம் விளையும் என்றது. விளையத்தான் செய்தது. ஆனால் அந்தத் தானியம் மெத்தென்றிருந்ததால் உரலில் இடித்தால் தவிட்டோடு மாவும் போயிற்று. குதிரில் வைத்தால் வண்டு துளைத்தது. நாட்டுச் சோளம் கடினமானது. நன்றாக இடிபடும், வண்டுக்கும் ஓரளவு தாங்கும். ஆகவே பெண்கள் விற்பதற்குக் கலப்பினமும், தின்பதற்கு நாட்டு ரகமும் வைத்துக்கொண்டார்கள். படிப்பில்லாத பிடிவாதம் என்று பெரிய மனிதர்கள் பேசினார்கள். கடைசியில் 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்களே, விளைச்சலும் வேண்டும், கடினமும் வேண்டும் என்று எம்எச் 17, எம்எச் 18 என்ற ரகங்களை வெளியிட்டார்கள். இடிப்பவளை முதலிலேயே கேட்டிருந்தால் எத்தனையோ வருஷம் மிச்சமாகியிருக்கும்.

சரி, சர்க்கார் என்ன செய்தது என்று கேட்பீர்கள். விடுதலைக்குப் பின் 30 ஆண்டு பண்டா என்ற ஒருவரே ஆண்டார். 1971-இல் அட்மார்க் என்ற வாணிப நிலையத்தை வைத்தார்கள். கிராமங்களில் அதற்குக் கிடங்குகள் இருந்தன. சோளத்தை அறிவித்த விலைக்கு வாங்கும், பஞ்ச மாதத்தில் அறிவித்த விலைக்கு விற்கும், உரமும் கொடுக்கும். இதிலே நன்மை இருந்தது, மறுக்கக்கூடாது. ஆனால் வேறொரு வேலையும் நடந்தது. சிறு உழவன் விளைவித்த புகையிலைக்கும் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் வெளிநாட்டில் கிடைத்த விலையில் ஒரு பகுதியைத்தான் அவனுக்குக் கொடுத்தார்கள். மிச்ச லாபம் பெரும் புகையிலைத் தோட்டங்களுக்கு முதலாகப் போயிற்று. அதிக விலை போகும் பர்லி புகையிலையைச் சிறு உழவன் நடவே கூடாது என்று சட்டம் இருந்தது. 1990-களில்தான் அது தளர்ந்தது. ஏழையின் மூட்டையிலிருந்து பிடித்த பணத்தில் பணக்காரன் தோட்டம் வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு நாட்டுக்குக் கடன் முற்றியது. 1981 முதல் உலக வங்கியும் சர்வதேச நிதி நிறுவனமும் கடன் கொடுத்து, நிபந்தனையும் போட்டன. உர மானியத்தைக் குறை, கிடங்குகளை மூடு, தனியார் வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். 1990-களின் நடுவில் உர மானியம் அறவே போயிற்று. 1994-இல் நாணயத்தின் மதிப்பும் சரிந்தது. உரமோ முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு, மொசாம்பிக், தான்சானியா துறைமுகங்களிலிருந்து தரை வழியாய் வருவது. விலை கைக்கெட்டாமல் ஏறிற்று. தனியார் வியாபாரி வந்தானா? வந்தான், தார் ரோடு உள்ள இடத்துக்கு, அறுவடை மாதத்தில், தன் தராசோடு. அந்தத் தராசைப் பற்றி அங்கே உழவர் சொல்லும் புகார்கள், நம் ஸ்டோரில் பாலின் ரப்பர் அளவு பார்ப்பதைப் பற்றி இங்கே சொல்லும் புகார்களுக்குக் குறைந்தவை அல்ல.

1998-இல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கால் ஏக்கருக்குப் போதுமான விதையும் உரமும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1999, 2000 இரண்டு ஆண்டும் நல்ல விளைச்சல். 2000-இல் சுமார் 25 லட்சம் டன். உடனே, செலவு அதிகம் என்று அந்தத் திட்டத்தைச் சுருக்கினார்கள். 2001-இல் வெள்ளம், விளைச்சல் 17 லட்சம் டன்னுக்கு இறங்கிற்று. அதே சமயத்தில் நாட்டின் சேமிப்புக் கிடங்கில் இருந்த ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சோளம் விற்கப்பட்டுவிட்டது. கையிருப்பு அதிகம், வைத்திருந்தால் செலவு, குறையுங்கள் என்று நிதி நிறுவனம் யோசனை சொல்லிற்று. உள்நாட்டுக்காரர்கள் மிச்சம் வைக்காமல் விற்றார்கள். நாங்கள் அவ்வளவு சொல்லவில்லை என்று அவர்களும், நீங்கள்தான் சொன்னீர்கள் என்று இவர்களும் பிறகு வாதாடினார்கள். மரவள்ளி நிறைய விளைந்திருக்கிறது, சோளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று காகிதத்தில் கணக்குக் காட்டியிருந்தார்கள். காகித மரவள்ளியை யார் தின்பது? 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஜனங்கள் மரவள்ளியை எண்ணி எண்ணித் தின்ற கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோண்டிப் பார்த்தபின்தான் கிழங்கு கணக்கில் சேரும். 2002 ஜனவரி, பிப்ரவரியில் சோள விலை பல மடங்கு ஏறிற்று. ஜனங்கள் தவிட்டையும் காட்டுக் கிழங்கையும் தின்றார்கள். மாண்டவர் நூற்றுக்கணக்கா, ஆயிரக்கணக்கா என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. ஏழை செத்தால் பேரேட்டில் ஏறுவதில்லை.

2005-இல் மறுபடி வறட்சி; 12 லட்சம் டன்தான். அப்போது பிங்கு வா முதாரிகா ஆட்சியில், கடன் கொடுத்தவர்கள் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல், மானிய உரம் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு 50 கிலோ அடியுரம் ஒரு மூட்டை, 50 கிலோ யூரியா ஒரு மூட்டை, கூப்பன் காட்டினால் மலிவு விலையில். 2006-இல் சுமார் 26 லட்சம் டன், 2007-இல் 30 லட்சத்துக்கு மேல். மழையும் நன்றாயிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டினி நாடு வெளிநாட்டுக்குச் சோளம் விற்றது! இந்த வெற்றி நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் கூப்பன் யாருக்கு என்பதில் சண்டை வந்தது. ஓரிடத்தில் ஒளித்தார்கள், ஓரிடத்தில் விற்றார்கள். பல கிராமங்களில், பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தால் ஊர் இரண்டாகும் என்று தலைவரே மூட்டையைப் பிரித்து எல்லாருக்கும் அரை அரையாகக் கொடுத்தார். அதிகாரிகள் அதைக் குற்றம் என்றார்கள். நம்மைக் கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் நடத்தினார்கள் என்றுதான் சொல்வோம்.

மானியம் நாட்டுக் கஜானாவைத் தின்றது. 2020-இல் எல்லா ஏழை உழவருக்கும் என்று அகலப்படுத்தினார்கள். சில ஆண்டிலேயே தாங்காமல் லட்சக்கணக்கான குடும்பங்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 2023 நவம்பரில் டாலர் ஒன்று சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவாக ஏறியது. உரத்தின் கதி சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பிரெடி என்ற புயல் தெற்கே 600 பேருக்கு மேல் பலி கொண்டு, அறுவடைக்கு நின்ற பயிரை மண்ணோடு கொண்டு போயிற்று. அடுத்த ஆண்டு வறட்சி. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதி என்று அறிவித்தார்கள். மழையைக் குறை சொல்லலாம். ஆனால் ஒரு மூட்டை மிச்சம் வைத்திருப்பவன் ஒரு கெட்ட மழையைத் தாண்டுவான்; மிச்சமே வைக்க முடியாதபடி அவனை வைத்திருப்பது மழையன்று.

இங்கே நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைக் கவனியுங்கள். நமக்கு எதிரே ஒரு முதலாளி இருக்கிறான். சம்பளம் போதாதென்றால் கேட்க ஓர் இடம் உண்டு. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, மேசைக்கு எதிர்ப்புறம் முதலாளிமார் சங்கத்தை உட்கார வைத்துப் பேசியது. அந்த உழவன் யாரிடம் பேசுவான்? யாருக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வான்? தன் சோளத்துக்கு எதிராகவா? சர்க்கார் ஆண்டுதோறும் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. அந்த விலைக்கு வாங்கக் கிடங்கு திறந்திருக்க வேண்டும், கிடங்கில் பணம் இருக்க வேண்டும். அறுவடை முடிந்து, சோளம் வியாபாரி கைக்குப் போனபிறகு அட்மார்க் கதவு திறந்தால், அறிவித்த விலை வியாபாரிக்குத்தான் கிடைக்கிறது. தனி உழவன் லோரிக்காரனோடு தனியே நிற்கிறான்.

ஆகவேதான் அங்கே சிலர் ஒன்று சேர்ந்தார்கள். 1997-இல் மலாவிச் சிறு உழவர் தேசியச் சங்கம் தோன்றிற்று. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு குழு, பல குழு சேர்ந்து ஒரு சங்கம் என்ற ஏற்பாடு. சேர்ந்து உரம் வாங்குவது, சேர்ந்து எடை போடுவது, சேர்ந்து விற்பது. எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிட்டது என்று நாம் கதை கட்டமாட்டோம். சோளத்தைவிட நிலக்கடலை, புகையிலை போன்ற விற்பனைப் பயிர்களில்தான் அதன் பலம் அதிகம். கையில் ஒன்றுமே மிஞ்சாத ஓர் ஏக்கர்க்காரன் குழுவில் சேரவே தயங்குகிறான். கன்யூவுக்குப் போகும் நாளில் கூட்டத்துக்கு எப்படி வருவான்? நம் கிளைக் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதையும் இத்துடன் வைத்துப் பார்க்கலாம்.

இனி நம் 11 தோழர்களின் யோசனைக்கு வருவோம். கமிட்டி அதைத் தள்ளிவிடவில்லை. ஆனால் இனிப்புச் சோளம், மலாவிச் சோளத்தைவிட ஒரு வகையில் பொல்லாதது. அங்கே அவன் முற்றவிட்டு, காயவைத்துக் குதிரில் வைத்து, முடிந்தால் சில மாதமாவது காத்திருக்கலாம். இனிப்புச் சோளம் நட்டு 70, 75 நாளில் கதிர் ஒடிக்க வேண்டும்; ஒடித்து இரண்டு மூன்று நாளில் விற்க வேண்டும்; வைத்தால் இனிப்புப் போய் மாவாகிவிடும். 20 ஏக்கரும் ஒரே வாரத்தில் முற்றினால், லோரிக்காரன் சொன்னதே விலை. உரம் இங்கேயும் வெளிநாட்டுச் சரக்கை நம்பியதுதான். 2022-இல் உர விலை ஏறியபோது சிறுதோட்டக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதலாளி இல்லாத இடத்தில் அதிகாரம் யார் கையில் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதற்காகச் சொல்கிறோம்.

எனவே, கமிட்டி அந்தத் தோழர்களிடம் சில விவரங்களை எழுத்தில் கேட்டிருக்கிறது. குத்தகை எத்தனை வருஷத்துக்கு, கையெழுத்துப் போட்டவர் இறந்தால் யாருக்கு என்பது ஒன்று. 20 ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் வாரம் இரண்டு ஏக்கராக நட முடியுமா, தண்ணீர் அதற்குப் போதுமா என்பது ஒன்று. விதை போடுவதற்கு முன்பே வாங்குகிறவர் யார், விலை எப்படி, தராசு யாருடையது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் கதிர் ஒடிக்கும் வரை 11 குடும்பமும் எதைக் கொண்டு சாப்பிடும்? பிள்ளைகள் சம்பளத்திலா, சேமநிதியின் மிச்சத்திலா? அதற்குப் பதில் இல்லையென்றால், மூன்றாவது வாரமே அவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தோட்டத்தில் காண்ட்ராக்ட் புல் வெட்டப் போய்விடுவார்கள். சோளத்தில் களை ஏறிவிடும். அந்தக் காலத்துக்குச் சங்கத்தின் கூட்டுறவுக் கடையில் குறைந்த வட்டிக்குப் பற்று வைக்க முடியுமா என்று கடைக் கமிட்டியை நாங்கள் கேட்டிருக்கிறோம். பதில் அடுத்த மாதம் 2-வது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைக்கப்படும்.

கரும்பலகைக் கணக்கை அழிக்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில் 20 ஏக்கர் கணக்கையும் இப்போதே போட்டுப் பார்த்துவிடலாம். யோசனை எழுதிய தோழர்கள் முன்வரிசைக்கு வரலாம். உர விலையும் குத்தகைத் தொகையும் அவர்கள் சொல்லட்டும், எழுதுகிறோம்.